ஏசி மின்னழுத்தத்தை அளக்கும் ஐசோலேட்டட் மாட்யூல்: தடுப்பின் இரு பக்கமும்

230 வோல்ட் ஏசி லைனை ஒரு பிஎல்சியோ (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மைக்ரோகண்ட்ரோலரோ விடாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் அனலாக் உள்ளீடு 3.3 வோல்ட் தாங்கும், அல்லது 5, மிஞ்சிப்போனால் 10. லைனில் 230 என்று நாம் சொல்வது ஆர்எம்எஸ் அளவு, அதாவது அதே வெப்பத்தைத் தரக்கூடிய டிசி அளவு. அலை ஒவ்வொரு சுற்றிலும் 325 வோல்ட் வரை ஏறி, எதிர்த்திசையில் 325 வோல்ட் வரை இறங்குகிறது. மொத்த வீச்சு 650 வோல்ட். இதைச் சுருக்குவது பெரிய காரியமில்லை. பெரிய ரெசிஸ்டர் ஒன்று, சிறியது ஒன்று, இரண்டையும் தொடராகப் போட்டு நடுவிலிருந்து வயர் எடுத்தால் வேண்டிய அளவு கிடைத்துவிடும். பிறகு எதற்கு ஐசோலேட்டட் சிக்னல் கண்டிஷனிங் மாட்யூல் என்று தனியாக ஒன்று?

அந்தச் சிறிய ரெசிஸ்டரின் கீழ் முனை எங்கே போகிறது என்று பாருங்கள். நியூட்ரலுக்குப் போகிறது. அளக்கும் சர்க்யூட்டின் கிரவுண்டும் அதே முனைதான். இப்போது கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்கிறீர்கள். கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டி எர்த்தில் இருக்கிறது. யுஎஸ்பியின் கிரவுண்டும் அந்தப் பெட்டியோடு சேர்ந்ததுதான். ஆக, நியூட்ரலும் எர்த்தும் உங்கள் கேபிள் வழியாகக் கைகோத்துவிட்டன. நல்ல நிலைமையில்கூட இரண்டுக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் இருக்கும். நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு கேபிளின் மெல்லிய கம்பியில் ஓடத் தொடங்கும், ஆர்சிசிபி (கசிவு கண்டதும் லைனை அறுக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருந்தால் ட்ரிப் ஆகும். இது அதிர்ஷ்டமான முடிவு. யாராவது பிளக்கைத் திருப்பிச் செருகி, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கண்ட்ரோலரின் கிரவுண்டே 230 வோல்ட்டில் நிற்கும். கேபிளைச் செருகிய கணத்தில் ஃபேஸிலிருந்து போர்டின் கிரவுண்டு, கேபிள், கம்ப்யூட்டர் பெட்டி, எர்த் என்று முழு ஷார்ட். போர்டின் செம்புத்தடம் ஆவியாகும், கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட் போகும். கேபிளைச் செருகாமல் போர்டின் கிரவுண்டை விரலால் தொட்டிருந்தால் போவது உயிர்.

ரெசிஸ்டர் மின்னழுத்தத்தைக் குறைக்கும், பாதையை வெட்டாது. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் விளங்கும். மின்னழுத்த அளவீட்டில் எந்த இணைப்பைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே புகும் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பிப் போகும்?

மாட்யூல் மூன்று வேலை செய்கிறது. லைன் மின்னழுத்தத்தைச் சுருக்குகிறது. சுருக்கிய சிக்னலை மின்தொடர்பே இல்லாத ஒரு தடுப்பைத் தாண்டி அனுப்புகிறது. அடுத்த பக்கத்தில் அதை வடிகட்டி, அளவு கூட்டி, படிக்கும் கருவிக்கு ஏற்ற வடிவில் தருகிறது. நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. தகவல் தாண்ட வேண்டும், மின்னோட்டம் தாண்டக் கூடாது.

தடுப்பைத் தாண்டும் வழிகள்

மிகப் பழைய வழி டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே காந்தப்புலம் மட்டுமே பாலம். பெரிய துணைமின் நிலையங்களில் 11 கிலோவோல்ட்டை 110 வோல்ட்டாக்கும் பொட்டன்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரும், கட்டைவிரல் அளவுப் போர்டில் உட்கார்ந்திருக்கும் இசட்எம்பிடி101பி என்ற குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் இந்த வகையே. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு, இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

குட்டி டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றும் சம எண்ணிக்கை. முதல் சுற்றில் 2 மில்லிஆம்பியர் விட்டால் இரண்டாம் சுற்றில் 2 மில்லிஆம்பியர் வரும். அதாவது இது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, மின்னோட்டத்தை நகலெடுக்கிறது. லைனின் 230 வோல்ட்டை 2 மில்லிஆம்பியராக மாற்றுவது முன்னால் தொடராக இருக்கும் ரெசிஸ்டர்: 230 ஐ 0.002 ஆல் வகுத்தால் 115 கிலோஓம். அந்த ரெசிஸ்டரில் 0.46 வாட் வெப்பம் எழும். அதனால் 56 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் பங்கிட வேண்டும், ஒவ்வொன்றும் அரை வாட்டுக்குக் குறையாமல். இரண்டாம் சுற்றின் குறுக்கே 100 ஓம் வைத்தால் 2 மில்லிஆம்பியர் அதில் 0.2 வோல்ட் ஆர்எம்எஸ் உண்டாக்கும். சிக்னல் பெரிதாக வேண்டுமென்று அந்த 100 ஓமை ஆயிரம் ஓமாக ஏற்றுவது பரவலான தவறு. சுமை ரெசிஸ்டர் கூடக்கூட, சுற்றுகளின் நடுவே இருக்கும் காந்தக் கோர் அதிகக் காந்தப்புலத்தைச் சுமக்க வேண்டும். நேர்கோட்டுத்தன்மை கெடும், அலையின் கட்டம் (நேர நிலை) நகரும், கடைசியில் கோர் நிறைவடைந்து அலை சிதையும். பெருக்க வேண்டியதை ஆப்ஆம்பில் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) பெருக்குவதே சரி.

சாதாரண 230/6 வோல்ட் பவர் டிரான்ஸ்ஃபார்மரை அளவீட்டுக்குப் பயன்படுத்தலாமா என்றால், லைன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆகும், நம்பகமான எண்ணுக்கு ஆகாது. சிறிய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் சுமை இல்லாதபோது வெளியீடு குறிப்பிட்ட அளவைவிட 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாக இருப்பது இயல்பு. கோரை நிறைவின் விளிம்பிலேயே ஓட்டும்படி செய்திருப்பார்கள் என்பதால் அலையின் உச்சியும் சிதையும்.

அடுத்த வழி ஒளி. ஓர் எல்இடி ஒளிர்கிறது, எதிரே ஒளியுணரி பார்க்கிறது, நடுவில் ஒளி புகும் காப்புப் பொருள். இதற்கு பிசி817 போன்ற சாதாரண ஆப்டோகப்ளரைப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். அதில் உள்ளே போகும் மின்னோட்டத்துக்கும் வெளியே வரும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் 50 முதல் 600 சதவீதம் வரை மாறலாம். எல்இடி வயதாக ஆக மங்கும், வெப்பத்தில் இன்னும் மாறும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தைச் சொல்ல அது போதும், அளவைச் சொல்லப் போதாது. அளவீட்டுக்கென்றே ஐஎல்300, எச்சிஎன்ஆர்201 போன்ற லீனியர் ஆப்டோகப்ளர்கள் உண்டு. அவற்றில் ஒரே எல்இடியை இரண்டு ஃபோட்டோடயோடுகள் பார்க்கின்றன. ஒன்று லைன் பக்கத்திலேயே இருந்து எல்இடி எவ்வளவு ஒளிர்கிறது என்று ஆப்ஆம்புக்குச் சொல்லித் திருத்திக்கொண்டே இருக்கும். மற்றது தடுப்பின் அடுத்த பக்கத்தில் அதே ஒளியைப் படிக்கும். எல்இடி மங்கினாலும் ஆப்ஆம்ப் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து ஈடுகட்டிவிடும்.

மூன்றாவது, இப்போது அதிகம் பரவியிருக்கும் ஐசோலேஷன் ஆம்ப்ளிஃபையர் ஐசிகள். சிக்னலை அதிவேகத் துடிப்புகளாக மாற்றி, சிலிக்கான் டைஆக்சைடு அடுக்கைக் காப்பாகக் கொண்ட மிகச் சிறிய கெப்பாசிட்டர் வழியாக அனுப்பி, அப்பால் மீண்டும் அலையாக்குகின்றன. ஏஎம்சி1311 இன் உள்ளீடு 0 முதல் 2 வோல்ட் வரை. ஏசி அலை பூஜ்யத்துக்குக் கீழும் போவதால், கூட்டல் கழித்தல் 5 வோல்ட் வாங்கும் ஏஎம்சி1350 இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். இவற்றில் ஒரு நிபந்தனை: லைன் பக்கத்துக்கு என்று தனியாக, தனிமைப்படுத்திய 5 வோல்ட் சப்ளை வேண்டும். ஐசி இரு பக்கத்தையும் பிரித்து வைத்தும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே 5 வோல்ட்டை ஜம்பரில் கொடுத்துவிட்டால் தடுப்பு வெறும் அலங்காரம். சர்க்யூட் ஒழுங்காக வேலையும் செய்யும், எண்ணும் சரியாகக் காட்டும். அதனாலேயே இந்தத் தவறு கண்ணில் படாமல் பல நாள் உயிர் வாழும்.

தொழிற்சாலைக் கேபினெட்டில் டின் ரெயிலில் மாட்டும் மாட்யூல்களில் இந்தச் சப்ளை ஏற்பாடு எல்லாம் உள்ளேயே அடங்கியிருக்கும். தொடக்கநிலையில் இருப்பவர் நிரந்தரமாக ஓடப்போகும் ஒரு கருவியில் இப்படி ஆயத்தமாக வரும் மாட்யூலையே பயன்படுத்துவது நல்லது என்பது எங்கள் கருத்து. சொந்தமாகத் தடுப்பு கட்டுவது கற்றுக்கொள்ள வேண்டிய கலைதான், ஆனால் அதை முதல் வேலையில் கற்க வேண்டியதில்லை.

தாளில் எழுதியிருக்கும் எண்கள்

மாட்யூலின் விவரத்தாளில் ‘ஐசோலேஷன் 1500 வோல்ட் ஆர்எம்எஸ், 1 நிமிடம்’ என்று இருக்கும். 1500 வோல்ட்டில் இதைப் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. அது சோதனை மின்னழுத்தம். ஒரு நிமிடம் தாங்குகிறதா என்று பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய அளவு ‘வொர்க்கிங் வோல்டேஜ்’ என்று வேறிடத்தில் இருக்கும், பெரும்பாலும் அதைவிடப் பலமடங்கு குறைவாக. தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான். அது தாளில் இல்லவே இல்லை என்றால் அந்த மாட்யூலை லைனில் போடாதீர்கள்.

கூடவே கேட் II, கேட் III என்ற வகையும் பாருங்கள். லைனில் மின்னல், பெரிய மோட்டார் ஆன் ஆஃப் ஆவது போன்றவற்றால் கண நேர உயர் துடிப்புகள் வரும். சாக்கெட்டில் செருகும் கருவிக்கு கேட் II. சுவிட்ச்போர்டு, பஸ்பார் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தடித்த உலோகப் பட்டை) பக்கம் போனால் கேட் III. 300 வோல்ட் கேட் II என்றால் 2500 வோல்ட் துடிப்பைத் தாங்க வேண்டும், கேட் III என்றால் 4000 வோல்ட். 4000 வோல்ட் துடிப்புக்கு அடிப்படைக் காப்பில் காற்றிடைவெளி 3 மில்லிமீட்டர் வேண்டும். மனிதர் தொடும் பக்கத்தைப் பிரிக்கும் வலுவூட்டிய காப்பு என்றால் 5.5 மில்லிமீட்டர். போர்டின் பரப்பில் ஊர்ந்து செல்லும் தூரம் இதற்கும் மேலே, பொருளையும் தூசியையும் பொறுத்துத் தேவைப்படும். அதனால்தான் நல்ல போர்டுகளில் தடுப்புக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும்.

இந்த இடைவெளியை உருவாக்கியவர் சரியாக விட்டிருந்தாலும், மாட்டுகிறவர் அழித்துவிட முடியும். போர்டைப் பொருத்தும் உலோகத் திருகின் தலை லைன் பக்கத் தடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் வந்து நின்றால், 8 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தும் பயனில்லை. அந்த இடத்தில் நைலான் திருகு போடுங்கள். பற்றவைத்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் கறை ஈரத்தை இழுக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொரு எண்ணைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: எத்தனை வழிப் பிரிவு. மாட்யூலுக்கு உள்ளீடு, வெளியீடு, சப்ளை என்று மூன்று வாயில்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பிரிந்திருந்தால் மூவழிப் பிரிவு. இருவழி என்றால் சப்ளையின் மைனஸும் வெளியீட்டின் மைனஸும் உள்ளே ஒன்றாக இருக்கும். ஒரே 24 வோல்ட் சப்ளையில் பத்து இருவழி மாட்யூல்களை ஓட்டி, அவற்றின் வெளியீட்டை இரண்டு வெவ்வேறு கருவிகளுக்குக் கொடுத்தால், அந்தக் கருவிகளின் கிரவுண்டுகள் சப்ளை வழியாகச் சேர்ந்துவிடும். லைன் பக்கம் ஆபத்தில்லை. ஆனால் அளவு அங்கங்கே சில வோல்ட் ஆடும், காரணம் புலப்படாது.

தடுப்பு எவ்வளவு நல்லதானாலும் இரு பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டன்ஸ் மிஞ்சும். 10 பிகோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் அது 318 மெகாஓம் போல நடக்கும், 230 வோல்ட்டில் 0.7 மைக்ரோஆம்பியர்தான் கசியும். தனிமைப்படுத்திய சப்ளைக்குள் 1 நானோஃபாரட் ஒய்-கெப்பாசிட்டர் (இரைச்சலைக் குறைக்கத் தடுப்பின் குறுக்கே வைக்கும் பாதுகாப்பு வகை) இருந்தால் கசிவு 72 மைக்ரோஆம்பியர். இது ஆளுக்கு ஆபத்தானதல்ல, ஆனால் நுண்ணிய சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகத் தெரியும்.

லைன் நுழையும் இடம்

ஐசோலேஷன் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் சுருக்க ரெசிஸ்டர்தானே. அதில் 1 மெகாஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவார்கள். வாட் கணக்குப் போட்டால் 0.05 வாட்தான், தாராளமாகத் தெரியும். வாட் சரி, வோல்ட் சரியில்லை. கால் வாட் ரெசிஸ்டரின் உடல் தாங்கும் மின்னழுத்தம் பொதுவாக 250 வோல்ட். எஸ்எம்டியில் 1206 அளவு 200 வோல்ட், 0805 அளவு 150 வோல்ட். லைனின் உச்சி 325. உடனே எரியாது. மாதங்கள் கழித்து மதிப்பு நகரத் தொடங்கும், அளவு மெல்ல விலகும், பிறகு ஒரு நாள் உள்ளே அறுந்து திறந்துகொள்ளும்.

470 கிலோஓம் நான்கைத் தொடராகப் போடுங்கள்: 1.88 மெகாஓம். கீழே 10 கிலோஓம். 325 வோல்ட் உச்சிக்கு நடுவில் 1.72 வோல்ட் உச்சி வரும்; ஒவ்வொரு மேல் ரெசிஸ்டரும் 81 வோல்ட் உச்சிதான் பார்க்கும். ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்ற மூன்றும் தாங்கும். கீழே இருக்கும் 10 கிலோஓம் திறந்துகொண்டால்தான் சிக்கல், முழு மின்னழுத்தமும் ஐசியின் காலை நோக்கி ஏறும். அதனால் அங்கே 20 கிலோஓம் இரண்டை இணையாகப் போடுவதும், சப்ளை கோடுகளுக்கு இரண்டு கிளாம்ப் டயோடு (மிஞ்சும் மின்னழுத்தத்தைச் சப்ளைக்குத் திருப்பிவிடுபவை) வைப்பதும் நல்ல பழக்கம். மேல் ரெசிஸ்டர்கள் மின்னோட்டத்தை 173 மைக்ரோஆம்பியரிலேயே நிறுத்திவிடுவதால் சின்ன டயோடே போதும். ஐசியின் உள்ளீட்டு மின்தடையையும் கணக்கில் சேருங்கள். ஏஎம்சி1350 இல் அது 1.25 மெகாஓம், கீழே இருக்கும் மொத்தம் 10 கிலோஓமுக்கு இணையாக இது சேர்ந்து அளவை 0.8 சதவீதம் குறைக்கும். தெரிந்திருந்தால் அளவு திருத்தத்தில் சரியாகிவிடும், தெரியாவிட்டால் ரெசிஸ்டரைச் சந்தேகித்துக் காலம் போகும்.

ஃப்யூஸ் எங்கே என்பது முக்கியம். 100 ஆம்பியர் பஸ்பாரிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை இழுத்து மாட்யூலுக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்த வயர் வழியில் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால், மாட்யூலின் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸ் எதையும் காப்பாற்றாது. பஸ்பாரில் வயர் பிரியும் இடத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கண்ணாடிக் குழல் ஃப்யூஸ் அங்கே வெடித்துச் சிதறக்கூடும். பெரிய ஷார்ட் மின்னோட்டத்தையும் அறுக்கும் திறனுள்ள செராமிக் ஃப்யூஸ் வேண்டும்.

வெளியே வருவது அலையா, எண்ணா

சில மாட்யூல்கள் லைன் அலையை அப்படியே சிறிதாக்கித் தரும். கட்டம், பவர், ஹார்மானிக்ஸ் பார்க்க அதுதான் வேண்டும். சில, ஆர்எம்எஸ் அளவைக் கணக்கிட்டு 0–5 வோல்ட், 0–10 வோல்ட், அல்லது 4–20 மில்லிஆம்பியர் டிசியாகத் தரும். பிஎல்சிக்கு இதுவே வசதி. இந்த இரண்டாம் வகையை வாங்கும்போது ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லாத மாட்யூல், அலையை ஒருபக்கமாக்கிச் சராசரி எடுத்து 1.11 ஆல் பெருக்குகிறது. அந்த 1.11 சைன் அலைக்கு மட்டுமே சரி. டிம்மர் அல்லது தைரிஸ்டர் ஹீட்டர் கட்டுப்பாடு ஒன்று ஒவ்வொரு அரைச்சுற்றின் நடுவிலும், அதாவது 90 டிகிரியில், ஆன் ஆகிறது என்று கொள்ளுங்கள். ஆற்றல் சரிபாதி, ஆகவே உண்மையான ஆர்எம்எஸ் 230 ஐ 1.414 ஆல் வகுத்தது: 163 வோல்ட். சராசரியும் சரிபாதியாகிறது, ஆகவே சராசரி வகை மாட்யூல் காட்டுவது 115 வோல்ட். ஹீட்டர் உணர்வது 163, திரையில் 115. சதுர அலை இன்வெர்ட்டரில் இதே மாட்யூல் எதிர்த்திசையில் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். மாட்யூல் பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படி அலையே வேறாக இருந்தவையும் சேர்ந்திருக்கும்.

ட்ரூ ஆர்எம்எஸ் மாட்யூலுக்கும் ஒரு விலை உண்டு, நேரம். சராசரி எடுக்க அதற்குச் சில நூறு மில்லிசெகண்டு வேண்டும். ஒரே ஒரு சுற்றுக்கு, 20 மில்லிசெகண்டுக்கு, லைன் சரிந்து எழுந்தால் அது வெளியீட்டில் சிறு நடுக்கமாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அத்தகைய சரிவுகளைப் பிடிக்க அலை வெளியீடுதான் வேண்டும்.

4–20 மில்லிஆம்பியரை ஒரு கணக்கோடு பார்ப்போம். மாட்யூலின் வீச்சு 0–300 வோல்ட். 0 வோல்ட்டுக்கு 4 மில்லிஆம்பியர், 300 க்கு 20. இடைப்பட்ட 16 மில்லிஆம்பியரில் 300 வோல்ட் அடங்குவதால் ஒரு மில்லிஆம்பியருக்கு 18.75 வோல்ட். பிஎல்சியில் 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓடவிட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும். லைன் 230 ஆக இருக்கும்போது 16.27 மில்லிஆம்பியர், 4.07 வோல்ட். புரோகிராமில் மில்லிஆம்பியரிலிருந்து 4 ஐக் கழித்து 18.75 ஆல் பெருக்கினால் வோல்ட். திரையில் ‘மைனஸ் 75 வோல்ட்’ வந்தால் பயப்பட வேண்டாம்: மின்னோட்டம் பூஜ்யம், எங்கோ வயர் அறுந்திருக்கிறது. 0–10 வோல்ட் வெளியீட்டில் வயர் அறுந்ததும் லைன் போனதும் ஒன்றுபோலவே தெரியும்; 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதன் அருமை அங்கே புரியும். 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் பழுது என்று அறிவிக்கும்படி எழுதிவிடுங்கள்.

வெளியீடு சுத்தமாகப் பூஜ்யமாகவே இருந்தால், மாட்யூல் தானே மின்னோட்டத்தைத் தள்ளும் வகையா, வெளியிலிருந்து 24 வோல்ட் லூப் சப்ளை எதிர்பார்க்கும் வகையா என்று பாருங்கள். இரண்டு முனையும் சப்ளையை எதிர்பார்த்துக் காத்திருந்தால் எதுவும் ஓடாது.

குட்டிப் போர்டும் மைக்ரோகண்ட்ரோலரும்

இசட்எம்பிடி101பி போர்டில் எல்எம்358 ஆப்ஆம்ப் இருக்கும். 5 வோல்ட் சப்ளையில் வெளியீடு 2.5 வோல்ட்டை மையமாகக் கொண்டு ஆடும். கீழே 2.5 வோல்ட் இடம் இருக்கிறது, மேலேயும் அப்படித்தான் என்று நினைப்போம். இல்லை. எல்எம்358 இன் வெளியீடு சப்ளையைவிடச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே, 3.5 வோல்ட்டில், நின்றுவிடும். மேல் உச்சிக்கு 1 வோல்ட்தான் இடம். போர்டின் டிரிம்மரை (பெருக்கத்தை மாற்றும் சிறு திருகு ரெசிஸ்டர்) கூட்டி வைத்தால் அலையின் கீழ்ப்பாதி உருண்டையாகவும் மேல்பாதி கத்தியால் சீவியது போலவும் இருக்கும். லைன் 230 இலிருந்து 250 க்கு ஏறினாலும் எண் பாதிதான் ஏறும். அலைக்காட்டியில் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார். நீங்கள் எதிர்பார்க்கும் மிக உயர்ந்த மின்னழுத்தத்தில், 265 வோல்ட் என்று வையுங்கள், மேல் உச்சி மையத்திலிருந்து 0.9 வோல்ட்டைத் தாண்டாதபடி டிரிம்மரைக் குறையுங்கள்.

3.3 வோல்ட் கண்ட்ரோலர் என்றால் 2.5 உடன் 0.9 சேர்ந்து 3.4 வோல்ட், காலின் எல்லையைத் தாண்டுகிறது. சப்ளையையே 3.3 ஆக்கினால் எல்எம்358 க்கு மேலே இடமே இல்லை. கால்வரிசை ஒன்றாகவே இருக்கும் எம்சிபி6002 ஐ அதன் இடத்தில் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். அதன் வெளியீடு சப்ளை விளிம்புவரை போகும், 3.3 வோல்ட்டிலும் ஒழுங்காக ஓடும்.

மாதிரிகளை எடுக்கும் காலம் முழுச் சுற்றுகளாக இருக்க வேண்டும். 200 மில்லிசெகண்டு எடுத்தால் 50 ஹெர்ட்ஸில் 10 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 12 சுற்று, இரண்டுக்கும் பொருந்தும். 30 மில்லிசெகண்டு போல அரைகுறையாக எடுத்தால் லைன் அசையாமல் நிற்கும்போதும் எண் ஏறி இறங்கும். ஒவ்வொரு மாதிரியிலும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுங்கள். மையத்தை 2.5 வோல்ட் என்று எழுதிவைக்காமல் மாதிரிகளிலிருந்தே கணக்கிடுங்கள், வெப்பத்தில் மையம் நகரும்.

லைனைத் துண்டித்தபின்னும் திரையில் 3 வோல்ட் காட்டுகிறதா? அது இரைச்சல். உடனே ‘எல்லா அளவிலும் 3 ஐக் கழி’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் 230 இல் பிழை நுழையும். இரைச்சல் சிக்னலோடு நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகிறது: 230 இன் வர்க்கம், 3 இன் வர்க்கம், கூட்டி மூலம் எடுத்தால் 230.02. அதாவது முழு அளவில் அந்த 3 வோல்ட் இரைச்சலால் பாதிப்பே இல்லை. நீங்கள் கழித்தால் காட்டுவது 227. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பூஜ்யம் என்று காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

பவரும் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் கட்டப்பிழையை மறக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் 20 நிமிடக் கோணம், அதாவது மூன்றில் ஒரு டிகிரி, நகர்த்துகிறது என்றால் 50 ஹெர்ட்ஸில் அது 18.5 மைக்ரோசெகண்டு. மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும்போது அது பொருட்டே இல்லை. பவர் ஃபேக்டர் 0.5 ஆக ஓடும் மோட்டாரில் அதுவே பவரில் 1 சதவீதப் பிழை.

பேய் மின்னழுத்தம்

சுவிட்சை அணைத்தபின்னும் மாட்யூல் 180 வோல்ட் காட்டுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். அணைத்த வயர் எங்கும் இணைக்கப்படாமல், உயிருள்ள வயரோடு ஒரே குழாயில் நீண்ட தூரம் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே 2 நானோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸில் அது 1.6 மெகாஓம். மாட்யூலின் உள்ளீடு 2 மெகாஓம். இரண்டும் சேர்ந்து ஒரு சுருக்கி ஆகிவிட, மாட்யூல் 180 வோல்ட்டை உண்மையாகவே பார்க்கிறது. கருவியில் குறையில்லை. அந்த இடத்தில் ‘இருக்கிறதா இல்லையா’ என்று தெரிந்தால் போதும் என்றால் உள்ளீட்டின் குறுக்கே தகுந்த வாட், வோல்ட் தரமுள்ள 100 கிலோஓம் சுமையை வையுங்கள். 230 இல் அது அரை வாட்டுக்கு மேல் எரிக்கும், ஆகவே 2 வாட் ரெசிஸ்டர். பேய் 15 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது

அளவு திருத்தத்துக்கு வேரியாக் (திருப்பித் திருப்பி மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்) பயன்படுத்துவார்கள். வேரியாக் மின்னழுத்தத்தைக் குறைக்கும், தனிமைப்படுத்தாது. அதன் ஒரு முனை நேராக லைனில் இருக்கிறது. 10 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்திருந்தாலும் அந்த வயர் எர்த்தைப் பொறுத்து 230 வோல்ட்டில் இருக்கக்கூடும். குறைந்த எண்ணைப் பார்த்துக் கைவைக்காதீர்கள்.

முதலில் லைன் இல்லாமல், மாட்யூலின் உள்ளீட்டு முனைகள் இரண்டையும் ஒன்றாகவும், வெளியீடு, சப்ளை முனைகளை ஒன்றாகவும் கட்டி, இரண்டு கட்டுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) பாருங்கள். பிஎல்சி, கண்ட்ரோலர் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. எர்த்துக்கு சர்ஜ் தடுப்பான் இருந்தால் அதையும் கழற்றுங்கள். நூறு மெகாஓமுக்கு மேல் வர வேண்டும். ஒரு மெகாஓம் வந்தால் தடுப்பில் ஈரமோ வழிதவறிய வயரோ இருக்கிறது, லைன் கொடுக்காதீர்கள். நூறு மெகாஓமுக்கு மேல் வந்தபின் இரண்டு கட்டுகளையும் அவிழ்த்து, சப்ளையையும் வெளியீட்டையும் இணைத்து, லைன் கொடுத்து, உள்ளீட்டில் ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் வைத்து இரண்டு இடங்களில் ஒப்பிடுங்கள்: வீச்சின் கால்பகுதியில் ஒன்று, நீங்கள் வழக்கமாக ஓட்டும் அளவில் ஒன்று. இரண்டிலும் ஒரே சதவீதம் விலகினால் பெருக்கத்தைத் திருத்துங்கள். ஒரே வோல்ட் விலகினால் பூஜ்யத்தைத் திருத்துங்கள். குட்டிப் போர்டின் டிரிம்மரை பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள், சில மில்லிமீட்டர் தள்ளி லைன் பக்கத்துப் பற்றவைப்பு மூடாமல் நிற்கிறது.